மாமனாரா நினைச்சுக்குங்க

திருமூர்த்தி என் வேலையைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சொன்ன காரணம் சிகரெட். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தொண்ணூற்றேழாம் வருஷம். குபெர்டினோவில் டி ஆன்சா புலிவார்டை ஒட்டி எங்கள் கம்பெனி. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி இருக்கும், பவர் சப்ளை என்பார்கள். அதை டிசைன் செய்வதுதான் எங்கள் பிழைப்பு. ஊரில் உள்ள எல்லா பவர் சப்ளையிலும் விசிறி ஓடும், கொர்ரென்று சத்தம் போடும். விசிறியே இல்லாமல் சூடு தணிகிற மாதிரி ஒன்றை நான் செய்திருந்தேன். இரண்டு வருஷ உழைப்பு. அதைத் தயாரித்துக் கொடுக்க சீனாவில் ஷென்ஜென் நகரத்தில் ஒரு தொழிற்சாலையைத் தேடிப் பிடித்ததும் நான்தான். அங்கே போய் அந்த முதலாளி லியாங் என்கிற பெரியவரோடு உட்கார்ந்து பேசிப் பேசி ஒரு வழிக்குக் கொண்டுவந்திருந்தேன். ஒப்பந்தம் மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து எனக்குப் பிரசவம்.

விடுப்பு முடிந்தது. கைக்குழந்தையை டேகேரில் அழ அழ விட்டுவிட்டு, நானும் காரில் கொஞ்சம் அழுதுவிட்டு ஆஃபீஸுக்குப் போனால், ப்ராஜெக்ட் லீட் திருமூர்த்தி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், உடுமலைப்பேட்டைக்காரர், என் சர்க்யூட்டில் எது எங்கே போகிறது என்று இன்றைக்கு வரைக்கும் அவருக்குத் தெரியாது. நான் அவருக்கு உதவியாம்.

எங்கள் வைஸ் பிரசிடென்ட் கிரெய்க் என்னை உட்காரவைத்து, ரொம்ப அக்கறையாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு விளக்கினார். "அங்கே முக்கியமான முடிவெல்லாம் சிகரெட் பிடிக்கிற இடத்தில்தான் எடுக்கிறார்களாம். திரு சொன்னார். ஆண்கள் கூடி நின்று புகைக்கிற இடத்தில் உன்னைக் கொண்டுபோய் நிறுத்துவது நியாயமில்லை. குழந்தை வேறு இருக்கிறது."

"நான் அங்க போய் உக்காந்து பேசினவ, கிரெய்க். சிகரெட் பிடிக்கணும்னு அங்க கட்டாயமே இல்லை" என்று ஆரம்பித்தேன்.

"சுவாரஸ்யமாக இருக்கிறதே" என்று சொல்லிக் கடிகாரத்தைப் பார்த்தார்.

கட்டாயமில்லை என்று நான் சும்மா சொல்லவில்லை. முதல் தடவை போனபோது லியாங் அறைக்குள் வந்ததும் ஒரு சிவப்புப் பாக்கெட்டைப் பிரித்தார். அடியில் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு சிகரெட் தலையை நீட்டின. அப்படியே பாக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்து, வந்தவர்களில் பெரியவர் யாரோ அவருக்கு முதலில், அப்புறம் அடுத்தவருக்கு என்று ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டே வந்தார். என் முறை வந்ததும் ஒரு கணம் தயங்கினார். பெண்பிள்ளைக்கு நீட்டி அவருக்குப் பழக்கமில்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்த கூட்டத்துக்கு நான்தான் தலைவி, என்னைத் தாண்டிப் போவதும் முறையில்லை. நீட்டினார். நானோ நாகர்கோவிலில் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போன பெண், வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் மிஸ் ஃபாங் என் காதருகே குனிந்தாள். "பிடிக்க வேண்டாம். வாங்கிக்கொள், போதும்."

இரண்டு கையாலும் வாங்கி, டீ கப்புக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கூட்டம் முடியும்வரை அது அங்கேயே கிடந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. லியாங்கின் முகம் மட்டும் மலர்ந்துவிட்டது. அடுத்த தடவைகளில் அவர் தயங்கவே இல்லை.

நம் வீட்டுக்கு ஒருத்தர் வந்தால் காப்பி கொடுப்போமில்லையா, அந்த மாதிரிதான். குடிக்கிறாரா, இரண்டு வாய் வைத்துவிட்டு மூடிவைக்கிறாரா என்பது அப்புறம். வேண்டவே வேண்டாம் என்று கையை ஆட்டினால் கொடுத்தவர் முகம் வாடிப்போகும். இன்னொன்றும் ஃபாங் சொல்லியிருந்தாள். தன் பாக்கெட்டிலிருந்து ஒருத்தன் சிகரெட் எடுத்தால், சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் நீட்டிவிட்டுத்தான் தன் வாயில் வைக்க வேண்டும். தனியாகப் பற்றவைப்பது, பந்தியில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கத் தான் மட்டும் சாப்பிடுவதற்குச் சமம்.

இவ்வளவுதான் விஷயம். இதைத் தெரிந்துகொள்ள நுரையீரலில் புகை போக வேண்டியதில்லை, மீசை வேண்டியதில்லை. திருமூர்த்தி சொன்னது பச்சைப் பொய்.

"விட்டுத்தள்ளுட்டி" என்றார் என் வீட்டுக்காரர் தேவதாஸ். "க்ரீன் கார்டு வரட்டும். வேற கம்பெனி பாப்போம். எதுக்கு ஒனக்கு இந்த வம்பு?"

"வம்பு நான் பண்ணலை அத்தான். என் சர்க்யூட் போர்டை வேற ஒருத்தன் பேருல வெளிய விடுதான். நீங்க பேசாம இருங்க."

அவர் பேசாமல்தான் இருந்தார். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே திருமூர்த்தியை எப்படிக் கவிழ்ப்பது என்று யோசிப்பேன். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் அந்த ஆள் முகம்தான் வரும். சத்துருவை நேசி என்று வேதம் சொல்கிறது. நேசிக்கலாம், முதலில் அவன் கீழே விழட்டும் என்று ஆண்டவரிடம் தவணை கேட்டேன்.

ஜூன் மாதம் திருமூர்த்தி ஃப்ரீமாண்டில் புது வீடு வாங்கி, பால் காய்ச்சி எல்லோரையும் கூப்பிட்டார். போனேன். பகையாளி வீடு என்று பார்க்காமல் பாயசம் இரண்டு தரம் வாங்கிக் குடித்தேன். பிள்ளை சிணுங்கியதால் கராஜ் பக்கமாகத் தூக்கிக்கொண்டு போனபோது, குப்பைத் தொட்டிகளுக்குப் பின்னால் திருமூர்த்தி சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. பொம்பளைக்கு எதிரே என்ன கூச்சம், ஊதிக்கொண்டேதான் இருந்தார்.

அப்போது உள்ளேயிருந்து அவருடைய மாமனார் குமாரசாமி வந்தார். ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்த மனிதர், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவரைக் கண்டதும் திருமூர்த்தி பண்ணின காரியத்தைப் பார்க்க வேண்டுமே! சிகரெட் கை சட்டென்று முதுகுக்குப் பின்னால் போயிற்று. முதுகு வளைந்தது. வாயை மூடிக்கொண்டதில் மூக்கு வழியாகப் புகை வந்தது.

"ஏனுங் மாமா, காத்தோட்டமா நிக்கலாம்னு வந்தீங்ளா?"

"ஆமாங் மாப்ளே" என்று குமாரசாமி எதிர்வீட்டு மரத்தைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் புகைவது அவருக்குத் தெரியும். தெரியாத மாதிரி நிற்பது அவர் மரியாதை. தெரிந்தும் ஒளிப்பது இவர் மரியாதை. இரண்டு பேரும் உடுமலைப்பேட்டை மழையைப் பற்றிப் பேசினார்கள். மாமனார் உள்ளே போனதும் மாப்பிள்ளை விரலை உதறிக்கொண்டார், சுட்டுவிட்டது.

கொங்கு நாடோ குமரி மாவட்டமோ, நம் ஆட்கள் எல்லோரும் இப்படித்தான். என் அப்பா ஐம்பத்தைந்து வயதில்கூடத் தாத்தாவைக் கண்டால் பீடியைக் கிணற்றடியில் எறிந்துவிட்டுத்தான் வருவார். பெரியவர் முன்னால் புகைப்பது திமிர். பெரியவருக்கே சிகரெட்டை நீட்டுவது என்றால், அவனைக் குடும்பத்தில் தலைமுழுகிவிடுவார்கள்.

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னட்டி சிரிக்க?" என்றார் தேவதாஸ்.

"ஒண்ணுமில்ல அத்தான். பாயசம் நல்லா இருந்துச்சுல்லா?"

ஜூலையில் லியாங் வருவதாக ஃபேக்ஸ் வந்தது. கூட அவருடைய இரண்டு மேனேஜர்கள், ஃபாங். தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க நாங்கள் அவரிடம் போனதற்குப் பதில் மரியாதையாக அவர் எங்களிடம் வருகிறார், பார்த்துப் பேசிப் பிடித்திருந்தால் கையெழுத்து. அவர் வருவதற்கு முந்தின நாள் மத்தியானம் திருமூர்த்தி என் க்யூபிகிளுக்கு வந்து, தடுப்பில் சாய்ந்துகொண்டு நின்றார். கேட்க வெட்கம். கேட்காமலும் முடியாது.

"ரெபெக்கா, அந்தப் பெரியவரு எப்படிங்க? கோவக்காரருங்களா?"

"இல்ல சார். தங்கமான மனுஷன். மரியாதை மட்டும் கொறையக் கூடாது."

"வயசு?"

"எழுபது இருக்கும். வயசுக்கு அங்க பயங்கர மரியாதை சார். நம்ம ஊரைவிட அதிகம்."

"இந்த சிகரெட் மேட்டர்…" என்று குரலைத் தாழ்த்தினார். "அவிங்க கூட கம்பெனி குடுக்கோணும்ல. மேனேஜருங்க ரெண்டு பேரும் நம்ம வயசு, அவிங்க கூடத் தம் போட்டுப் பேசிக்கலாம். பெரியவரு முன்னாடி எப்படின்னுதான்…"

இந்த ஆள்தான் அங்கே எல்லாமே சிகரெட்டில்தான் நடக்கிறது என்று கிரெய்கிடம் வகுப்பு எடுத்தவர். முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டேன்.

"பெரிசா ஒண்ணும் யோசிக்காதீங்க சார். உங்க மாமனாரா நினைச்சுக்குங்க. அவர் முன்னாடி எப்படி நடந்துப்பீங்களோ, அப்படியே நடந்துக்கிட்டா போதும்."

அவர் முகம் தெளிந்தது. "அதானே! மனுஷங்க எங்கயும் ஒண்ணுதானுங்க" என்று தடுப்பை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? பெரியவரை மாமனாராக நினை என்றேன். பைபிளின்மேல் கை வைத்துச் சொல்லச் சொன்னாலும் அதையே சொல்வேன்.

மறுநாள் மாலை உல்ஃப் ரோட்டில் ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்டில் விருந்து. கோடைக் காலம், ஏழு மணிக்கும் வெயில் போகவில்லை. லியாங் உள்ளே நுழைந்ததும் என்னைத்தான் தேடினார், குழந்தை எப்படி இருக்கிறது என்று ஃபாங் மூலமாகக் கேட்டார், என் பிள்ளைக்குச் சிவப்புப் பட்டில் சின்ன மேல்சட்டை ஒன்று கொண்டுவந்திருந்தார். கிரெய்க் அவரைத் தன் பக்கத்தில் இருத்தி, மறுபக்கம் திருமூர்த்தியை உட்கார வைத்தார். என்னை மேஜையின் எதிர் ஓரத்தில், கதவுக்குப் பக்கத்தில். எனக்கும் லியாங்குக்கும் நடுவே ஒரு முழு மீன் படுத்துக் கிடந்தது.

கலிஃபோர்னியாவில் ரெஸ்டாரண்டுக்குள் யாரும் புகைக்கக் கூடாது. மீன் முடிந்ததும் லியாங் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். ஃபாங் சட்டத்தை விளக்கினாள். சிரித்துக்கொண்டே எழுந்து பின்பக்கத்துக் கதவைக் காட்டினார். கிரெய்குக்குப் புகை என்றாலே ஆகாது, பில் பார்க்கிறேன் என்று உள்ளேயே இருந்துவிட்டார். நாங்கள் ஐந்து பேரும் வெளியே போனோம்.

திருமூர்த்தி அங்கே ஏற்கெனவே நின்றிருந்தார். மீன் முடிவதற்கு முன்னாலேயே, ஒரு கால் பண்ணிட்டு வர்றேன் என்று எழுந்து போனவர். பெரியவர் முன்னால் பிடிக்க முடியாதே, அதற்காக முன்னாலேயே வந்து, தன் காரில் சாய்ந்து ஒன்றை முடித்து அடுத்ததைப் பற்றவைத்திருந்தார். தன்னந்தனியாக. ரெஸ்டாரண்டின் மூலையைத் திரும்பிய லியாங் அதை நன்றாகவே பார்த்தார். பார்த்து, ஆஹா இவரும் நம்ம ஆள் என்று முகமெல்லாம் சிரிப்பாகி, நடையை எட்டிப் போட்டார். போகும்போதே சிவப்புப் பாக்கெட்டைப் பிரித்துத் தட்டி இரண்டு கையாலும் நீட்டிவிட்டார்.

திருமூர்த்தி என்ன செய்வார்? எழுபது வயதுப் பெரியவர், மாமனார் ஸ்தானம். சிகரெட் கை முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"நோ சார், நோ சார். ஐ டோன்ட் ஸ்மோக்."

சொல்லும்போது மூக்கிலிருந்து புகை வந்தது.

லியாங் முதலில் சிரித்தார். மறுப்பதும் ஒரு நாகரிகம்தான், வேண்டாம் என்பார்கள், இன்னொரு தரம் நீட்ட வேண்டும். நீட்டினார். திருமூர்த்தி இடுப்பை வளைத்து, ஒற்றைக் கையை நெஞ்சில் வைத்து, "நோ சார், நெவர்" என்றார். அவ்வளவு பணிவை நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை. நான் பக்கவாட்டில் நின்றதால் எனக்கு இரண்டும் தெரிந்தது, முன்னால் பணிவு, பின்னால் புகை. லியாங் இன்னும் ஒரு தரம் நீட்டினார். இந்தத் தடவை திருமூர்த்தி பின்னால் ஓரடி நகர்ந்து, கையில் இருந்ததை மெல்ல விட்டுவிட்டு, அதன்மேல் ஷூவை வைத்துக்கொண்டார். சட்டைப் பையில் மால்பரோ பெட்டி நாலு மூலையும் தெரிய முட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர் அந்தப் பையைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார். சிகரெட்டைத் திரும்பப் பாக்கெட்டுக்குள் தள்ளினார். அது சரியாகப் போகவில்லை, வளைந்துகொண்டது. மேனேஜர்கள் இருவரும் தங்கள் பாக்கெட்டுகளை எடுக்கவே இல்லை. ஃபாங் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் நேராகியிருக்கும். எங்கள் ஊரில் பெரியவர்கள் முன்னால் ஒளித்து வைப்பதுதான் மரியாதை, இவர் உங்களை அப்பா மாதிரி மதிக்கிறார் என்று ஃபாங்கிடம் சொன்னால் போதும். லியாங் விழுந்து விழுந்து சிரித்திருப்பார், திருமூர்த்தியை முதுகில் தட்டியிருப்பார், அதை ஊரெல்லாம் சொல்லி மகிழ்ந்திருப்பார். நான் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை. தேவதாஸுக்குத் தமிழ் படிக்கச் சோம்பல் என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

லியாங் பிறகு என் பக்கம் திரும்பினார். வளையாத ஒன்றைத் தேர்ந்து நீட்டினார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். பெரியவர் கையிலிருந்து சிகரெட் வாங்குகிறாளே, இதெல்லாம் ஒரு குடும்பத்துப் பொம்பளையா என்று திருமூர்த்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். பாவம், இன்னும் புரியவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை ஷென்ஜெனிலிருந்து கிரெய்குக்குச் செய்தி வந்தது. ரொம்ப மரியாதையான செய்தி. விருந்துக்கு நன்றி, மீனுக்கு நன்றி. திருவாளர் திருவுக்குப் பதிலாக வேறு ஒருவரோடு பேச லியாங் விரும்புகிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே கையில் இருப்பதை இல்லை என்கிறவர், நாளைக்கு எத்தனை பெட்டி வேண்டும், எப்போது வேண்டும் என்று சொல்வதை எப்படி நம்புவது? அப்படி ஒருவர் கிடைக்காவிட்டால், வருத்தத்துடன் விலகிக்கொள்கிறோம்.

கிரெய்க் தலையைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். "கையில் இருப்பதா? திரு கையில் என்ன இருந்தது?"

நான் காத்திருந்த இடம் இதுதான். கதவைச் சாத்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் மேஜையிலிருந்த பேனா டப்பாவைச் சிகரெட் பாக்கெட்டாக வைத்துக்கொண்டு, தட்டி, இரண்டு பேனா நீட்டிக்கொண்டிருக்க, இரண்டு கையாலும் நீட்டிக் காட்டினேன். யாருக்கு முதலில், யாருக்கு அப்புறம், வாங்குவது எப்படி, மறுப்பது எப்படி, மறுக்கக் கூடாதது எப்போது. தனியாகப் பிடிப்பது எவ்வளவு கேவலம். திருமூர்த்தி முதுகுக்குப் பின்னால் ஒளித்ததை எழுந்து நின்று நடித்தே காட்டினேன். மூக்குப் புகையைக்கூட விடவில்லை. கிரெய்க் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். அன்றைக்குக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"உன்னை மாதிரி இதை யாரும் எனக்கு விளக்கியதில்லை" என்றார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும். ரெபெக்கா, இது உன்னுடையது.

"ஆக, திரு முதலிலேயே சொன்னது சரிதான்" என்றார் கிரெய்க். "எல்லாம் சிகரெட்டில்தான் இருக்கிறது. நான்தான் இதை அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்ததில்தான் தப்பு. ஒளிக்காமல், தாராளமாக, நன்றாகப் புகைக்கிற ஓர் ஆள் வேண்டும். ஸேல்ஸில் கேரி ஒரு நாளைக்கு ஒரு பாக்கெட் பிடிக்கிறான். கலகலப்பானவன்."

"கிரெய்க், அவர் எனக்கும் குடுத்தார். நான் வாங்கினேன். பிடிக்க வேண்டியதே இல்லைன்னுதானே இவ்வளவு நேரம் சொன்னேன்?"

"ஆமாம், ஆமாம். அதனால்தான் கேரிக்கு நீயே சொல்லிக்கொடுக்க வேண்டும். உன்னைவிட யாருக்குத் தெரியும்?"

"லியாங் என் பேரைச் சொல்லலையா?"

"வேறு ஒருவர் என்றுதான் எழுதியிருக்கிறார்."

மேஜைக்கு வந்து, ஷென்ஜெனில் விடியும்வரை காத்திருந்து ஃபோன் போட்டேன். ஃபாங்தான் எடுத்தாள். "பெயரை எப்படிச் சொல்வார்?" என்று அவள் ஆச்சரியப்பட்டாள். "விருந்துக்கு அழைத்தவரிடம் போய், என் பக்கத்தில் இன்னாரை உட்கார வை என்று அவர் கேட்க மாட்டார். அது முறையில்லை. நீதான் வருவாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். வருகிறாய்தானே?"

நான் ஃபோனை வைத்துவிட்டேன்.

திருமூர்த்திக்கு விஷயம் புரிந்தது மறுநாள். கிரெய்க் என் நடிப்பை அவரிடம் அப்படியே திருப்பிச் சொல்லியிருக்கிறார். பார்க்கிங் லாட்டில் என் காருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டு நின்றார். முகம் கறுத்திருந்தது. கையில் சிகரெட் இல்லை.

"தெரிஞ்சேதான் சொன்னீங்க, இல்லீங்களா? மாமனாரா நினைச்சுக்குங்கன்னு."

"ஆமா சார். தெரிஞ்சேதான் சொன்னேன்."

இதைச் சொல்லத்தான் இத்தனை மாதம் காத்திருந்தேன். சொன்னதும் உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"அந்தப் பெரியவரு கிட்ட என்னைப் பொய்யனாக்கிட்டீங்க. நான் மரியாதை பண்ணினேனுங்க! மனசாரப் பண்ணினேன்! அதுல உங்களுக்கு என்ன கெடைச்சுது? கேரியில்ல போறான். இப்ப ரெண்டு பேருக்கும் இல்லாமப் போச்சு."

"உங்களுக்கு இல்லாமப் போச்சுல்ல, எனக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தேன்.

போதும் என்றுதான் நினைத்தேன். டேகேர் வாசலில் பிள்ளையைக் கையில் வாங்கும் வரைக்கும் போதுமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது போதவில்லை. அந்த ஆள் சிகரெட் என்று ஒரு பொய்யைச் சொன்னான், யாரும் முழுசாக நம்பவில்லை. நான்தான் கதவைச் சாத்திக்கொண்டு பேனா டப்பாவை வைத்து அதை நிரூபித்துக் கொடுத்தேன். அவனைக் கவிழ்க்க நான் தோண்டிய பள்ளத்தில் என் போர்டும் சேர்ந்து விழுந்து கிடந்தது. ஆத்திரத்தில் அன்றைக்கு அரிசி கழுவின பாத்திரத்தைச் சிங்கில் போட்ட போட்டில் அது நெளிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் கேரி கான்ஃபரன்ஸ் அறைக்கு வந்தான். ஆறடி உயரம், சிவந்த முகம், கெட்டவன் இல்லை. எங்கிருந்தோ அதே சிவப்புப் பாக்கெட்டுகள் ஒரு கட்டு வாங்கி வந்திருந்தான். "எனக்கு ஒன்றும் தெரியாது. நீ சொன்னபடி செய்கிறேன்" என்றான். தலைக்கு மேலே புகை எச்சரிக்கை மணி இருந்ததால் பற்றவைக்காமல் பழகுவதாக ஏற்பாடு.

இவனையும் கவிழ்க்க எனக்கு அரை நிமிஷம் போதும். ஒரு கையால் நீட்டு, இளையவனிடமிருந்து ஆரம்பி, பெரியவர் தோளில் தட்டு என்று மூன்றைச் சொன்னால் முடிந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் இவனும் விழுந்தால் லியாங் விலகிவிடுவார், என் பெட்டியைச் செய்ய ஆள் இல்லை. ஆகவே சரியாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். பிரி. தட்டு. இரண்டு மட்டும் தலை நீட்டட்டும். வயதில் மூத்தவருக்கு முதலில். உனக்குக் கடைசியில்.

கேரி தலையாட்டினான். பாக்கெட்டைத் தட்டி, தன் பெரிய உள்ளங்கைகள் இரண்டையும் சேர்த்து, என் முன்னால் குனிந்து, "மிஸ்டர் லியாங்" என்று சொல்லி நீட்டினான். நன்றாகவே செய்தான். இரண்டு வருஷத்தில் அந்த ஆஃபீஸில் ஒருவன் எனக்கு மரியாதையாக ஒன்றை நீட்டியது அதுதான் முதல் தடவை, அதுவும் இன்னொருவர் பெயரைச் சொல்லி.

வாங்கிக்கொண்டேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், சரியாகச் செய்தோமா என்று.

சிகரெட்டை இரண்டாக ஒடித்துக் குப்பைக் கூடையில் போட்டேன்.

"திரும்பப் பண்ணு" என்றேன்.